புத்தகத்தைப் பார்த்துச் செய்யும் காய் ஏன் புத்தகத்தில் சொன்னபடி வருவதில்லை?

கேள்வி கேட்டவர் சேலம் அஸ்தம்பட்டியில் இருப்பதாக எழுதியிருக்கிறார். கல்யாண நாளுக்குப் பரிசாக ஒரு காய்கறி சமையல் புத்தகம் வந்திருக்கிறது. வாரம் ஒன்று என்று எட்டு வாரம் செய்து பார்த்ததில் மூன்றுதான் உருப்படியாக வந்தனவாம். காலிஃபிளவர் வறுவல் குழைந்துவிட்டது. அவரைக்காய் புளிக்குழம்பு நாற்பது நிமிடம் கொதித்தும் காய் நறுக்கென்றே இருந்தது. அவசரத்தில் புளிக்கரைசலையும் காயையும் ஒன்றாகப் போட்டுவிட்டதாக அவரே சொல்கிறார். வெள்ளரிக்காய் போலிருக்கும் சுக்கினி கிடைக்காமல் சுரைக்காய் போட்டுச் செய்த ஒன்று தண்ணீராக நின்றது. வீட்டில் "பழைய சாம்பாரே போதும்" என்கிறார்கள். கடைசியில், "வேறு நல்ல புத்தகம் இருந்தால் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார். எனக்குப் படுவது, அவர் உண்மையில் கேட்பது வேறு. எழுதியவருக்கு வந்த பதம் எனக்கு ஏன் வரவில்லை, என் கையில்தான் குறையா என்பதுதான் கேள்வி. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் மனையியல் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு ஆறு வருடம் ஏற்காட்டில், ஒரு காபித் தோட்டத்துக் குடியிருப்பில் இருந்தோம். அப்புறம் சேலத்துக்கு வந்து பதினெட்டு வருடமாக வீட்டிலேயே சின்ன அளவில் சமையல் வகுப்பு எடுக்கிறேன். ஒரு தொகுதிக்கு ஆறு பேர், ஒரே குறிப்பை ஆறு அடுப்பில் செய்வார்கள். ஆறு விதமாக வரும். அதைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் இங்கே எழுதுவதில் பாதி. ஓட்டல் சமையல் எனக்குப் பழக்கமில்லை, ஓவனில் சுடுவதிலும் அனுபவம் குறைவு. அதனால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சமையல் குறிப்பில் எல்லா வரியும் ஒரே அளவு நம்பிக்கைக்கு உரியது இல்லை. எதற்குப் பின் எது போக வேண்டும் என்ற வரிசையும், எதோடு எது சேரும் என்ற சேர்மானமும் உறுதியானவை. நிமிடம், தண்ணீரின் அளவு, உப்பு, காரம் ஆகிய நான்கும் எழுதியவருடைய அடுப்பு, பாத்திரம், காய், தண்ணீர், நாக்கு இவற்றுக்கு ஏற்ப எழுதப்பட்டவை. உங்கள் வீட்டில் அவை கொஞ்சம் மாறியே தீரும். புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள், வரிசையை மட்டும் அவசரத்தில் மாற்றிவிடுவார்கள். உங்கள் அவரைக்காய்க் குழம்பில் நடந்தது அதுதான்.

காய்கறியின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பசை போன்ற பொருள். காய் வேகிறது என்றால் சூட்டில் அந்தப் பசை கரைந்து விட்டுக்கொடுக்கிறது என்று பொருள். புளிப்பு இருக்கும் தண்ணீரில் அது லேசில் கரையாது. புளி, தக்காளி, எலுமிச்சை, தயிர், மாங்காய் எதுவானாலும் இதே கதைதான். அதனால்தான் நம் வீட்டுப் பாட்டிகள் காயை முக்கால் பதம் வேகவிட்டுப் பிறகு புளியை ஊற்றினார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அவரைக்காயில் நாலு துண்டை வெறும் தண்ணீரிலும் நாலு துண்டைக் கெட்டிப் புளிக்கரைசலிலும் தனித்தனியே பத்து நிமிடம் கொதிக்கவிட்டு நகத்தால் அழுத்திப் பாருங்கள். இதையே நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். வெண்டைக்காய் புளிக்குழம்பில் வெண்டைக்காய் முழுசாக நிற்பதற்குப் புளிப்பும் ஒரு காரணம். கத்தரிக்காய் குழையாமல் இருக்க வேண்டும் என்றால் புளியைக் கொஞ்சம் முன்னாடியே விடலாம்.

அதே குழம்பில் இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். நீங்கள் ஊற்றியது நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா? சேலத்தில் பல வீடுகளில் குழாயில் மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் ஒரு பக்கம், போர் தண்ணீர் ஒரு பக்கம் என்று இரண்டும் இருக்கும். போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமாக இருந்தால் அது பெக்டினோடு சேர்ந்து அதை இன்னும் இறுக்கிவிடும். பருப்பு வேகாமல் கல்லாக நிற்பதற்கும் இது ஒரு காரணம். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால், பருப்புக்கும் பயறுக்கும் முற்றின காய்க்கும் நல்ல தண்ணியை எடுத்து வையுங்கள். சிலர் ஒரு சிட்டிகை சோடா போடச் சொல்வார்கள். சீக்கிரம் வேகும், பச்சை நிறமும் நிற்கும், உண்மைதான். ஆனால் காய் வழவழப்பாகிவிடும், தயமின் என்ற பி1 வைட்டமினும் வீணாகும். நான் போடுவதில்லை.

ஏற்காட்டுக்குப் போன புதிதில் எனக்கும் இதே குழப்பம் இருந்தது. அம்மா வீட்டில் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்த உருளைக்கிழங்கு அங்கே திறந்த பாத்திரத்தில் பதினெட்டு நிமிடம் ஆனாலும் நடுவில் கடிபட்டது. தீயை எவ்வளவு கூட்டி வைத்தாலும் பயனில்லை. படித்ததை அடுப்போடு பொருத்திப் பார்க்க எனக்கு ஒரு வாரம் ஆனது. ஏறத்தாழ முந்நூறு மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீர் கொதிக்கும் சூடு குறையும். சேலத்தில் 99 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கும் தண்ணீர், 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயைக் கூட்டினால் தண்ணீர் சீக்கிரம் வற்றுமே தவிர, அதற்கு மேல் சூடேறாது. மூடி போட்டு அதிக நேரம் வைப்பது, காயைச் சின்னதாக நறுக்குவது, இல்லையென்றால் குக்கர், இவைதான் வழி. குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் மலைக்கும் ஊருக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் ஒரு குறிப்பின் நிமிடக் கணக்கு இப்படி மாறிவிடுகிறது. எங்கோ ஒரு ஊரில் எழுதிய புத்தகத்தின் நிமிடம் அஸ்தம்பட்டியில் அப்படியே பொருந்த வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

காலிஃபிளவருக்கு வருவோம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் வகுப்பில் எல்லோரும் தவறும் இடம் இது. காய் முறுமுறுப்பாக வறுபட வேண்டும் என்றால் அதன் மேல்பரப்பு நூறு டிகிரியைத் தாண்டிச் சூடாக வேண்டும். மேலே ஈரம் இருக்கும்வரை அது நடக்காது. எண்ணெயின் சூடு முழுக்க அந்த ஈரத்தை ஆவியாக்கவே செலவாகும். நாம் என்ன செய்கிறோம்? பூச்சிக்காக மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் பூக்களை முக்கி வைக்கிறோம். அது நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் எடுத்து வடிகட்டிய கையோடு வடச்சட்டியில் கொட்டுகிறோம். பூவின் கொத்துக்குள் தண்ணீர் அப்படியே நிற்கும். முன்கூட்டியே உப்பும் மசாலாவும் பிசறி வைத்துவிட்டால் உப்பு உள்ளே இருக்கும் தண்ணீரையும் வெளியே இழுக்கும். நம் ஊர் தட்டுவடை செட் கடையில் பாருங்கள். கேரட்டும் பீட்ரூட்டும் துருவி முன்கூட்டியே வைத்திருப்பார்கள், ஆனால் சட்னியோடு தட்டுவடைக்கு நடுவில் அதை வைப்பது நீங்கள் கேட்ட பிறகுதான். முன்னாலேயே சேர்த்து வைத்தால் தட்டுவடை நமுத்துப்போகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆக, செய்ய வேண்டியது இதுதான். முக்கியெடுத்த பூக்களைத் தலைகீழாக ஒரு பருத்தித் துணியில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் அரை மணி நேரம் விடுங்கள். வடச்சட்டி நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய், எண்ணெய் காய்ந்த பிறகு பூ. ஒரே ஒரு பூவை முதலில் போட்டுக் காதைக் கொடுங்கள். 'சொர்ர்' என்று கூர்மையாகக் கேட்டால் சரி. 'சளசள' என்று கொதிக்கிற சத்தம் வந்தால் எண்ணெய் இன்னும் காயவில்லை, அல்லது பூ இன்னும் ஈரம். ஒரு அடுக்குக்கு மேல் போடாதீர்கள். ஒன்றின் மேல் ஒன்று கிடந்தால் அடியில் இருப்பது விடும் ஆவியில் மேலே இருப்பது வெந்துவிடும். போட்ட உடனே கிளறவும் வேண்டாம். இரண்டு நிமிடம் அப்படியே விட்டு ஒரு பூவைத் திருப்பிப் பாருங்கள், அடியில் காபிக்கொட்டை நிறத்தில் ஒரு பொட்டு தெரியும். அப்போது மற்றதைத் திருப்பலாம். உப்பு கடைசியில். புத்தகத்தில் 'காலிஃபிளவரைப் பொன்னிறமாக வறுக்கவும்' என்று ஒரே வரியில் இருந்திருக்கும். எழுதியவர் உலர்ந்த பூவைத்தான் மனதில் வைத்திருப்பார், நாம் வெந்நீரில் முக்கும் சேதி அந்த வரியில் இல்லை.

சுரைக்காய் விஷயத்தில் மாற்றுக் காய் தேடிய யோசனை நல்லதுதான், தேர்ந்தெடுத்த காய்தான் பொருந்தவில்லை. காயை மாற்றும்போது தாவரக் குடும்பத்தையோ நிறத்தையோ பார்க்காமல் நீர்ச்சத்தையும் இறுக்கத்தையும் பார்க்க வேண்டும். சுரைக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ தண்ணீர். சுக்கினியிலும் தண்ணீர் அதிகம், ஆனால் பிஞ்சாகத் தோலோடு போடுவதால் அந்தத் தோல் துண்டைப் பிடித்து நிறுத்தும். சுரைக்காயைத் தோல் சீவி, பஞ்சு போன்ற நடுப்பகுதியோடு போட்டால் பிடிமானமே கிடையாது. என்னைக் கேட்டால் மேராக்காய் போடச் சொல்வேன். சௌசௌ என்று எழுதியிருப்பார்கள், இந்தப் பக்கம் நாம் மேராக்காய் என்போம். ஏற்காட்டில் எங்கள் குடியிருப்பில் வேலியோரக் கொடியில் காய்த்துத் தொங்கும். சேலம் உழவர் சந்தையிலும் வாங்கலாம். இறுக்கமான காய், சுவை மிதமாக இருப்பதால் எந்த மசாலாவையும் ஏற்கும். சுக்கினியைவிட ஐந்தாறு நிமிடம் கூடுதலாக வேகும், அவ்வளவுதான். தோல் சீவும்போது வரும் பால் கையில் பிசுபிசுவென்று காய்ந்து ஒட்டும். தண்ணீருக்குள் வைத்துச் சீவினால் ஒட்டாது.

சுரைக்காய் போடுவதாக இருந்தால் ஒன்று கட்டாயம். நறுக்கியதும் ஒரு சின்னத் துண்டை நுனி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். அந்தக் கசப்பு குக்குர்பிட்டாசின் என்ற நச்சுப் பொருள், வேகவைத்தாலும் போகாது. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து உயிர்போனவர்கள் உண்டு. இதேபோல இன்னும் இரண்டு காரியங்களில் புத்தகம் சொல்லாவிட்டாலும் நாம் கவனமாக இருக்க வேண்டும். ஒன்று மரவள்ளிக் கிழங்கு. 'உருளைக்குப் பதிலாக வேறு கிழங்கும் போடலாம்' என்று எழுதியிருந்தால் சேலத்துக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். ஆனால் ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் கிழங்கில் கசப்பு ரகங்களும் உண்டு, அவற்றில் சயனைடு தரும் பொருள் கூடுதலாக இருக்கும். சமையல் கிழங்கு என்று கேட்டு வாங்குங்கள். தோலைத் தடிமனாக உரித்து, சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இரண்டாவது சிவப்பு ராஜ்மா. இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் நன்றாகத் தளதளவென்று பத்து நிமிடமாவது கொதிக்க வேண்டும். குக்கரில் வைத்தால் கவலையில்லை. அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும்.

அளவுகளைப் பற்றி. 'ஒரு கப்' என்று எழுதியிருந்தால் அது எந்த ஊர்க் கப் என்று முதலில் பாருங்கள், முன்னுரையில் இருக்கும். அமெரிக்கப் புத்தகத்தில் ஏறத்தாழ 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. பெரிய கரண்டி என்பது பொதுவாக 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் மட்டும் 20. நம் பழைய புத்தகங்களில் ஆழாக்கு என்று வந்தால் 168 மில்லி, படிக்கு எட்டு ஆழாக்கு. ஒரு குறிப்புக்குள் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தால் அளந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும், ஏனென்றால் விகிதம் கெடாது. ஆனால் கப்பில் அரிசியும் கிராமில் காயும் கொடுத்திருந்தால் கப்பின் அளவு தெரியாமல் தப்பாது. ஒரு சின்னத் தராசு வாங்கிவிடுங்கள். 'நடுத்தர அளவு கத்தரிக்காய் மூன்று' என்பதற்கு என் ஆறு மாணவிகளும் கொண்டுவந்த காயை நிறுத்துப் பார்த்திருக்கிறேன். ஒருவருடையது இன்னொருவருடையதைப்போல இரண்டு மடங்கு இருந்தது.

உப்பும் காரமும் நான் சந்தேகப் பட்டியலில் வைத்தவை. கல் உப்புக்கு நடுவில் இடைவெளி இருக்கும், அதனால் ஒரு கரண்டி தூள் உப்பும் ஒரு கரண்டி கல் உப்பும் ஒரே எடை இருக்காது. காஷ்மீரி மிளகாய்த்தூள் இரண்டு கரண்டி என்று இருக்கும் இடத்தில் நம் வீட்டில் அரைத்த தூளைப் போட்டால் வாயில் வைக்க முடியாது, அது நிறத்துக்காகச் சொன்ன அளவு. முதல் தடவை இரண்டையுமே முக்கால் பங்கு போடுங்கள். உப்பை ஆரம்பத்தில் போடுவதா கடைசியில் போடுவதா என்று அனுபவசாலிகளே இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். கீரை, கோஸ் போன்று சுருங்குகிற காய்க்கெல்லாம் கடைசியில் போடுவது என் வழக்கம், சுருங்கிய அளவைப் பார்த்துப் போட்டால் கரிக்காது. குழம்புக்கு முன்னாடியே போடுகிறேன். இதை விதி என்று சொல்லமாட்டேன்.

இனி செய்முறை. ஒரு குறிப்பை முதல் தடவை பாதி அளவில், வரிசையைத் துளியும் மாற்றாமல் செய்யுங்கள். செய்வதற்கு முன் முழுக் குறிப்பையும் இரண்டு தடவை படித்து, ஒவ்வொரு நிமிடக் கணக்குக்கும் பக்கத்தில் ஓர் அடையாளத்தை எழுதிக்கொள்ளுங்கள். 'பத்து நிமிடம் வதக்கவும்' என்றால் வெங்காயம் எந்த நிறத்துக்கு வர வேண்டும், 'வேகவிடவும்' என்றால் கத்தி எவ்வளவு எளிதாக இறங்க வேண்டும் என்று. புத்தகத்தில் அந்த அடையாளம் இல்லையென்றால் நீங்களே ஊகித்து எழுதுங்கள், தவறினால் அடுத்த தடவை திருத்தலாம். என்னிடம் ஒரு புத்தகத்தில் பீர்க்கங்காய்ப் பக்கம் இருக்கிறது. மஞ்சள் கறை, ஒரு மூலையில் எண்ணெய் பட்டு அடுத்த பக்கத்து எழுத்து தெரியும். ஓரத்தில் பென்சிலில், 'உப்பு முக்கால்', அதற்குக் கீழே வேறொரு நாள், 'தண்ணீரே வேண்டாம், காயே விடும்', அதற்கும் கீழே, 'முற்றல் என்றால் நரம்பு சீவு'. மூன்றாம் தடவையில்தான் அந்தப் பக்கம் என் வீட்டுக் குறிப்பாக மாறியது. இரண்டாம் தடவை செய்யும்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உப்பு, தண்ணீர், நேரம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். எட்டு வாரத்தில் எட்டு குறிப்பு என்பதைவிட, எட்டு வாரத்தில் மூன்று குறிப்பு உங்கள் கைக்கு வருவது நல்லது.

வீட்டில் இருப்பவர்கள் சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதுக் காயைப் புதுக் குழம்பு, புது சாதத்தோடு சேர்த்து வைத்தால் யாருக்கும் கை போகாது. அரிசிம்பருப்பு சாதமோ ரசமோ வைத்த அன்றைக்குத் தொட்டுக்கொள்ள மட்டும் அதை வையுங்கள். தட்டில் ஒரு கரண்டி போதும். பாதி அளவில் செய்யச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். பாத்திரம் காலியானால் அடுத்த தடவை அவர்களே கேட்பார்கள், மிஞ்சினால் செய்தவருக்கு மனசு விட்டுப்போகும். மாமியார் கையால் ஒரு தாளிப்பு கொட்டச் சொல்லுங்கள். என் வகுப்புக்கு வருபவர்கள் பலர் வீட்டில் இது நன்றாகவே பலித்திருக்கிறது.

வேறு புத்தகம் இப்போது வாங்க வேண்டாம். மூன்று குறிப்பு சரியாக வந்த புத்தகம் மோசமான புத்தகமாக இருக்க முடியாது. இந்த வாரம் காலிஃபிளவரையே மறுபடி எடுங்கள். காலையில் உழவர் சந்தைக்குப் போனால், பூ நெருக்கமாக, மங்காத வெள்ளையாக, இலை வாடாமல் இருப்பதாகப் பார்த்துச் சின்னதாக ஒன்று எடுங்கள். வந்ததும் முக்கியெடுத்துத் துணியில் பரப்பிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். அவரைக்காய்க் குழம்பு அதற்கு அடுத்த வாரம், நல்ல தண்ணியில், காய் முக்கால் பதம் வெந்த பிறகு புளி.